ஸ்டெப் போடாத கால்குலேட்டர்

போன வருஷம் அச்சான என் கட்டுரை ஒன்றில் இப்படி ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: "இந்தப் பக்கத்தின் மொத்தத்தைக் கணக்குப்பிள்ளை ரூ. 10-15-4 கூடுதலாகக் காட்டியிருக்கிறார். கவனக்குறைவா, வேறு காரணமா என்பது தெரியவில்லை."

அடிக்குறிப்பு தப்பு. கணக்குப்பிள்ளை சரியாகத்தான் கூட்டியிருக்கிறார். தப்பாகக் கூட்டியவன் நான். அதிலும் அந்த "வேறு காரணமா" இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் கூசுகிறது. எப்போதோ செத்துப்போன ஒரு மனிதர் மேல், அவர் வந்து பதில் சொல்ல முடியாத இடத்தில், கையாடல் பழியை லேசாகத் தூவிவிட்டேன்.

இதழுக்குத் திருத்தம் அனுப்பியாயிற்று. அதில் நாலு வரிக்கு மேல் இடம் கிடையாது. தப்பு எப்படி நடந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தபோது, கணினியோடு சும்மா வருகிற கால்குலேட்டரைப் பற்றிச் சில விஷயங்கள் பிடிபட்டன. அதை இங்கே எழுதி வைக்கிறேன். தினமும் பத்துத் தடவை அதைத் திறக்கிறோம். ஒரு நாவலையோ சினிமாவையோ விமர்சிக்கிற மாதிரி யாரும் உட்கார்ந்து அதை விமர்சிப்பதில்லை. விமர்சிக்க என்ன இருக்கிறது, ரெண்டும் ரெண்டும் நாலு என்று காட்டினால் போதாதா என்றுதான் நானும் இருந்தேன்.

அணாவை ஏமாற்றிய கதை

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சத்திரத்தின் 1930களின் வரவு செலவுப் பேரேடு. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வரும்வரை நம்மிடம் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. பேரேட்டில் ரூ. 12-7-9 என்றிருந்தால் 12 ரூபாய், 7 அணா, 9 பை. கால்குலேட்டருக்குப் பத்துப் பத்தாக எண்ணத் தெரியும். ப்ரோகிராமர் முறைக்குப் போனால் இரண்டு, எட்டு, பதினாறு என்றும் எண்ணும். ஒரே தொகைக்குள் பதினாறும் பன்னிரண்டும் கலந்து வந்தால் அதற்கு வழியில்லை.

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். புள்ளிக்குப் பிறகு முதல் இரண்டு இடம் அணாவுக்கு, அடுத்த இரண்டு இடம் பைக்கு. ரூ. 12-7-9 என்பது 12.0709. ரூ. 8-13-4 என்பது 8.1304. ரூ. 21-15-11 என்பது 21.1511. மூன்றையும் கூட்டினால் 41.3524 வரும். அதாவது 41 ரூபாய், 35 அணா, 24 பை. 24 பை என்றால் 2 அணா. அணா 37 ஆகிறது. அதில் 32 அணாவை 2 ரூபாயாக ஏற்றினால் மிச்சம் 5 அணா. விடை ரூ. 43-5-0. கையால் கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். எனக்கு ஒரே பெருமை.

ஆரம்பத்தில் நான் கூட்டிய பக்கங்களில் நாலைந்து வரிகள்தான் இருந்தன. எல்லாம் கணக்குப்பிள்ளையின் மொத்தத்தோடு அச்சாகப் பொருந்தின. பிறகு 31 வரி உள்ள பக்கம் ஒன்று வந்தது. திரையில் 414.3248 என்று காட்டியது. 48 பைக்கு 4 அணா, 32-உம் 4-உம் 36 அணா, அதில் 2 ரூபாய் 4 அணா. ஆக ரூ. 416-4-0. கணக்குப்பிள்ளை எழுதியிருந்தது ரூ. 427-3-4. ரூ. 10-15-4 இடிக்கிறது.

மறுபடி 31 வரியையும் அடித்தேன். அதே 414.3248. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாம் முறை அடித்தேன். அதேதான். மூன்று முறை ஒரே விடை வந்தால் எவனுக்குத்தான் சந்தேகம் வரும்? அடிக்குறிப்பை எழுதினேன், கால்குலேட்டரை மூடினேன், படுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். என் குறுக்கு வழியில் அணாவுக்கு இரண்டே இடம். வரிக்கு அதிகபட்சம் 15 அணா என்றால் 6 வரி வரை 90, பயமில்லை. அதற்கு மேல் போனால் அணா நூறைத் தாண்டலாம். தாண்டினால் அந்த நூறு, சத்தமில்லாமல் ஒரு ரூபாயாக இடது பக்கம் ஏறிவிடும். 100 அணாவின் உண்மையான மதிப்பு ரூ. 6-4-0. ஒவ்வொரு முறை ஏறும்போதும் ரூ. 5-4-0 மாயம். இந்தப் பக்கத்தில் அணா இரண்டு முறை ஏறியிருக்கிறது, ரூ. 10-8-0 போயிற்று. பை ஒரு முறை நூறைத் தாண்டி ஓர் அணாவாகியிருக்கிறது. 100 பை என்றால் 8 அணா 4 பை, அதில் ரூ. 0-7-4 போயிற்று. இரண்டையும் கூட்டினால் ரூ. 10-15-4. கணக்குப்பிள்ளை தலையில் நான் கட்டிய தொகை, பை சுத்தமாக அதேதான்.

அன்று நான் பயன்படுத்தியது யாருடைய கால்குலேட்டர் என்பது இங்கே தேவையில்லை. உலகத்தில் எந்தக் கால்குலேட்டரில் போட்டிருந்தாலும் 414.3248 என்றுதான் வந்திருக்கும். கூட்டலில் பிழையே கிடையாது. தப்பு என் முறையில். பிறகு ஏன் கால்குலேட்டரைத் திட்ட வேண்டும் என்று கேட்கலாம். தப்பு செய்ததற்காகத் திட்டவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று பார்ப்பதற்கு ஒரு துப்புகூட விட்டுவைக்காததற்காகத்தான்.

கண்ணாடிக்குள் ஒரு பொம்மை

கணினிக் கால்குலேட்டரின் முகத்தைப் பாருங்கள். மேலே ஒரே ஒரு ஜன்னல், கீழே பொத்தான்கள். சட்டைப்பையில் வைக்கிற கால்குலேட்டரின் படம் அது. அந்தச் சாதனத்துக்கு ஒற்றை ஜன்னல் ஒரு கட்டாயம். எட்டு இலக்கத்துக்கு மேல் காட்ட அதில் இடமில்லை. கணினிக்கு அந்தக் கட்டாயம் என்றைக்குமே இருந்ததில்லை.

மெக்கின்டாஷ் உருவான காலத்துக் கதை ஒன்றை ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். 1982-இல் கிறிஸ் எஸ்பினோசா என்ற இளைஞர் அதற்குக் கால்குலேட்டர் வரைந்துகொண்டிருந்தார். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு எது காட்டினாலும் திருப்தியில்லை. கோடு தடிமன் சரியில்லை, பின்னணி இருட்டாக இருக்கிறது, பொத்தான் பெரிசாக இருக்கிறது என்று தினமும் குறை. கடைசியில் எஸ்பினோசா, கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு, பின்னணி எல்லாவற்றையும் மெனுவில் வைத்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரி ஜாப்ஸ் கையில் கொடுத்துவிட்டார். ஜாப்ஸ் பத்து நிமிஷம் உட்கார்ந்து தனக்குப் பிடித்த மாதிரி அமைத்தார். அந்த முகம்தான் மேக் ஓஎஸ் 9 வரைக்கும் நீடித்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஜாப்ஸின் ரசனைக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த மெனுவில் என்னென்ன இருந்தது என்பதுதான் சுவாரசியம். தடிமன் இருந்தது, அளவு இருந்தது. போட்ட எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்ற கேள்வி அதில் இல்லை. 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த கால்குலேட்டரும் ஒற்றை ஜன்னல்தான். இத்தனைக்கும் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் செய்த விசிகால்க் 1979-லேயே வந்துவிட்டது. திரை முழுக்க எண்களைப் பரப்பி, ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறுகிற விரிதாள் அப்போதே இருந்தது. கணினி கணக்கை எப்படிக் காட்ட முடியும் என்பது தெரிந்த பிறகும், கால்குலேட்டர் மட்டும் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரே கேள்வி, இரண்டு விடை

ஒற்றை ஜன்னலால் வருகிற முதல் தொல்லை இது. விண்டோஸ் கால்குலேட்டரின் சாதாரண முறையில் 2 + 3 × 4 = என்று வரிசையாக அடியுங்கள். 20 வரும். சயின்டிஃபிக் முறைக்கு மாற்றி அதே பொத்தான்களை அதே வரிசையில் அடியுங்கள். 14 வரும்.

இதைப் பிழை என்று சொல்ல முடியாது. சாதாரண முறை பழைய நாலு கணக்குச் சாதனத்தின் வாரிசு. பெருக்கல் குறியைத் தொட்டவுடன் அதுவரை உள்ள 2 + 3-ஐ முடித்து 5 ஆக்கி வைத்துக்கொள்ளும். சயின்டிஃபிக் முறை, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பெருக்கலை முதலில் செய்யும். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நியாயத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் காட்டுவது மூலையில் இருக்கும் ஒரு பெயர் மட்டும்தான். விடையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் அந்தப் பெயர் கூட வராது.

சதவீதப் பொத்தான் இன்னும் ஒரு படி மேலே. கடையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்க 1000 + 18 % = என்று அடித்தால் 1180. நல்ல வசதி. 18-இன் சதவீதம் எதன் மேல் என்று நாம் சொல்லவில்லை. அதுவே முந்தைய எண்ணின் மேல் என்று எடுத்துக்கொள்கிறது. இதே பழக்கத்தில், வரியோடு 1180 ரூபாய் என்றால் வரி இல்லாமல் எவ்வளவு என்று பார்க்க 1180 − 18 % = என்று அடிப்பவர்கள் நிறையப் பேர். விடை 967.60. உண்மையில் 1000 வர வேண்டும். அதற்கு 1180-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் 1180-க்கு 18 சதவீதம் எடுத்து, 212.40-ஐக் கழித்துவிட்டது. கேட்டதைச் செய்தது, சரி. என்ன கேட்டோம் என்பதை "1180-இல் 18 சதவீதம்" என்று ஒரு வரியாக நம் கண் முன்னால் நிறுத்தி வைத்திருந்தால், பாதிப் பேர் அங்கேயே "ஐயோ, இது இல்லையே" என்று நிறுத்தியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ப்ரோகிராமர் முறையில் அதே % குறி சதவீதம் அல்ல, வகுத்தால் வரும் மீதி. ஒரே குறி, முறைக்கு ஒரு வேலை.

நம் ஆட்களுக்கென்றே இன்னொரு தொல்லை, கமா. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 12,345,678 என்று வரும். நம் கண் அதை லட்சம், கோடியாகப் பிரிக்க ஒரு நொடி திணறும். அந்த நொடியில்தான் ஒரு சுழியம் கூடுதலாகவோ குறைவாகவோ விழும். விண்டோஸில் இதற்கு மருந்து இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் வட்டார அமைப்புக்குப் போய், எண்களுக்கான கூடுதல் அமைப்பில் இலக்கங்களைப் பிரிக்கும் விதத்தை 12,34,56,789 என்று மாற்றினால் கால்குலேட்டரும் 1,23,45,678 என்று நம் ஊர்ப்படி காட்டும். மூல நிரலிலேயே, முதல் மூன்றுக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிப்பதற்கான ஏற்பாடு இருக்கிறது. மருந்து கால்குலேட்டருக்கு உள்ளே இல்லாமல் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

உள்ளே தங்கம்

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கணக்குப் போடும் உள்வேலை வருஷத்துக்கு வருஷம் தேறியிருக்கிறது.

விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு ஜோக் உண்டு. விண்டோஸ் 3.11-க்கும் 3.1-க்கும் என்ன வித்தியாசம்? கால்குலேட்டரில் கழித்துப் பார்: 0.00. அப்போதைய கால்குலேட்டர் உண்மையிலேயே அப்படித்தான் காட்டியது. பிறகு அந்த உள் எந்திரத்தையே மாற்றி எழுதினார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலையும் துல்லியம் கெடாமல் செய்யும் முறைக்கு அது மாறியது. மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் 2004-இல் தன் வலைப்பதிவில் இதை எழுதி, இவ்வளவு வேலை செய்தும் யாரும் கவனிக்கவில்லை, முகம் மாறாததால் ஒன்றுமே மாறவில்லை என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள் என்று ஆதங்கப்பட்டார். வர்க்கமூலம் மட்டும் அந்தத் துல்லியத்துக்குள் வரவில்லை. அதனால் 4-இன் வர்க்கமூலத்திலிருந்து 2-ஐக் கழித்தால் சுழியத்துக்குப் பதில் கண்ணுக்கே எட்டாத ஒரு மிகச் சிறிய எண் வருவது ரொம்ப நாள் நீடித்தது. 2018 வாக்கில் அதையும் சரிசெய்தார்கள்.

ஆண்ட்ராய்டு கால்குலேட்டர் இன்னும் அழகு. ஹான்ஸ் போம் அதற்காகச் செய்த எண் முறையில், ஒரு விடையை இடது பக்கம் தள்ளத் தள்ளப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். 10-இன் 100-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டி, மறுபடி 10-இன் 100-ஆம் அடுக்கைக் கழித்தால் அது ஒழுங்காக 1 என்று சொல்லும். பெரும்பாலான கணிப்பு முறைகள் அந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு 0 என்பார்கள்.

ஆக, உள்ளே தங்கம். தங்கத்தை வைத்திருக்கும் பெட்டிதான் தகரம். 2017-இல் ஐபோனின் ஐஓஎஸ் 11 கால்குலேட்டரில் 1 + 2 + 3 என்று வேகமாக அடித்தால் 24 வந்தது. பொத்தான் அழுத்தப்பட்டதைக் காட்டும் மினுமினுப்பு முடிவதற்குள் அடுத்த கூட்டல் குறியைத் தொட்டால் அது பதிவாகாது. 1 + 23 ஆகிவிடும். இந்தச் சின்னக் கணக்கு என்பதால் உடனே மாட்டியது. 24 என்று பார்த்ததும் சிரிக்கிறோம். 31 வரிக் கணக்கில் ஒரு கூட்டல் குறி விழுந்திருந்தால் எங்கே போய்ச் சிரிப்பது?

கடைக்காரரிடம் இருப்பது

பலசரக்குக் கடையில் கல்லா பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய பொத்தான் கால்குலேட்டரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் 'செக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கூட்டி முடித்த பிறகு அதைத் தட்டினால், முதலில் போட்ட எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் காட்டும். நூறு படிகளுக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கும். நடுவில் ஒரு தொகை தப்பாகப் பட்டால் அங்கேயே திருத்தலாம். பக்கத்திலேயே 'ஜிடி' பொத்தான். தனித்தனியாகப் போட்ட மொத்தங்களின் மொத்தம். சில நூறு ரூபாய் சாதனம் அது. இதற்கும் மேலே போனால் பழைய வங்கிகளில் இருந்த காகித நாடா எந்திரம். போட்டது எல்லாம் அச்சாகிச் சுருளாக வெளியே வரும். அதைக் கிழித்து வவுச்சரோடு பின் குத்தி வைப்பார்கள்.

ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கணினியில் என்ன இருக்கிறது? விண்டோஸ் கால்குலேட்டரில் வரலாறு என்று ஒரு பட்டி உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. மூல நிரல் 2019 மார்ச்சில் கிட்ஹப்பில் திறந்து வைக்கப்பட்டது, யாரும் பார்க்கலாம். அந்தப் பட்டிக்கு 20 கணக்கு என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். செயலியை மூடினால் அதுவும் போயிற்று. திறந்த பிறகு அடுத்த வருஷமே வரைபடம் போடும் முறை வந்தது. சைன் வளைவு அழகாகத்தான் இருக்கிறது. நேற்றுப் போட்ட கூட்டல்தான் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். "கால்குலேட்டர்னா சும்மா ஒரு சின்னக் கணக்குக்கு. படிப்படியா வேணும்னா எக்செல்லுக்குப் போக வேண்டியதுதானே?" ரொம்ப நாள் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னக் கணக்கு எப்போது பெரிய கணக்காக மாறுகிறது என்பதுதான் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. நாலு வரியில் ஆரம்பித்தேன், முப்பத்தொரு வரியில் முடிந்தது. எந்த வரியில் எழுந்து விரிதாளுக்குப் போயிருக்க வேண்டும்? ஏழாவது வரியில். அன்று அது எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாறு முழுசாக இருந்திருந்தாலும் 31 எண்களும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதுவே எனக்குப் போதுமான துப்பு. எண்கள் எல்லாம் சரி, மொத்தம் மட்டும் இடிக்கிறது என்றால் சந்தேகம் நேரே முறையின் மேல் போயிருக்கும். நானோ மூன்று முறையும் அடித்ததில் எங்கோ விரல் தவறியதா என்பதை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். அது இல்லை என்று ஆனதும், மிச்சம் இருந்த ஒரே ஆள் கணக்குப்பிள்ளை.

இப்போது எப்படிச் சமாளிக்கிறேன்

பழைய கணக்கோடு மல்லுக்கட்டும் மற்ற ஆய்வாளர்களுக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

ஒன்று, அதே குறுக்கு வழியை விட மனசில்லை என்றால் அணாவுக்கும் பைக்கும் மூன்று மூன்று இடம் கொடுங்கள். ரூ. 12-7-9 என்பது 12.007009. அணா 999 வரை தாங்கும். வரிக்கு 15 என்றாலும் 66 வரிக்கு 990தான். ஒரு பக்கத்துக்கு இது தாராளம்.

இரண்டு, மொத்தத்தைப் பையாக மாற்றிச் சோதிப்பது. ரூ. 427-3-4 என்பது 82,024 பை. இதைச் சாதாரண முறையில் 192-ஆல் வகுத்தால் 427.2083 என்று ஏதோ வரும்; அந்த 20-ஐ அணா என்று படித்துவிடாதீர்கள். ப்ரோகிராமர் முறையில் வகுத்தால் முழுஎண் 427 மட்டும் வரும். அங்கே % குறியைப் போட்டால் மீதி 40 வரும். 40 பை என்றால் 3 அணா 4 பை. சதவீதம் இல்லாத சதவீதக் குறி இங்கேயாவது உதவுகிறது.

மூன்று, இதுதான் நிரந்தர ஏற்பாடு: விரிதாளில் மூன்று பத்தி. பைப் பத்தியின் மொத்தத்தை 12-ஆல் வகுத்து ஈவை ஒரு கட்டத்தில், மீதியை ஒரு கட்டத்தில். ஈவை அணாப் பத்தியோடு சேர்த்து 16-ஆல் வகுத்து, அதேபோல் இரண்டு கட்டம். ஏற்றிய எண்கள் இரண்டும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி, மறைக்காமல் வைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கையில் பன்னிரண்டு

கட்டுரை வந்த இதழை நண்பரின் அப்பாவிடம் கொடுக்கப் போயிருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர், எண்பதைத் தாண்டியவர். பள்ளியில் அணா, பைக் கணக்குப் போட்ட தலைமுறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையை விட்டுவிட்டு நேரே அடிக்குறிப்புக்குப் போனார்.

"தம்பி, இந்த ஆளு தப்பாக் கூட்டிட்டாருங்கிறீங்களே. நீங்க எப்படிக் கூட்டினீங்க?"

"கம்ப்யூட்டர்ல போட்டேங்கய்யா. மூணு தடவை."

"அது சரி. ஸ்டெப் எங்க?"

இல்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பேரேட்டுப் பக்கத்தின் படம் மட்டும் போனில் இருந்தது. கொடுத்தேன். பெரிதாக்கச் சொன்னார். பையிலிருந்து மேல்நோக்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டு வாய்க்குள் முனகினார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு பக்கத்தின் அடியில், மொத்தத்துக்குச் சற்று மேலே, பென்சிலில் மங்கலாக எழுதியிருந்த இரண்டு எண்களைக் காட்டினார்.

"இதைப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன். அணாப் பத்தியின் தலைப்பில் 12, ரூபாய்ப் பத்தியின் தலைப்பில் 15. பக்க எண்ணோ, வேறு யாரோ பின்னால் கிறுக்கியதோ என்று நினைத்து என் குறிப்பேட்டில்கூட எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன்.

"பை மொத்தம் 148. பன்னெண்டால வகுத்தா பன்னெண்டு அணா கைக்கு, மிச்சம் நாலு. அணா 231, கையில இருக்கிற பன்னெண்டு சேத்தா 243. பதினாறால வகுத்தா பதினஞ்சு ரூபா கைக்கு, மிச்சம் மூணு. 412-உம் பதினஞ்சும் 427. மூணு அணா, நாலு பை. பாவம், அந்த மனுஷன் எல்லாத்தையும் எழுதித்தான் வெச்சிருக்காரு."

திருத்தத்தில் தொகையை மட்டும்தான் மாற்ற முடிந்தது. 12, 15 என்ற அந்தப் பென்சில் எண்களை இனி பேரேட்டைப் படியெடுக்கும்போதெல்லாம் எடுத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். இதுவரை திரும்பிப் பார்த்ததில் ஒன்பது பக்கங்களில் அந்த மாதிரி எண்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சரியாகக் கூட்டியவை.